நிழல், காற்று, தண்ணீர்: மொட்டை மாடியின் வெப்பக் கணக்கு

2003 மே 31. சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் வெப்பமானி 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நகரத்தின் வெப்பச் சாதனை என்று இன்றும் பேசப்படுவது அந்த எண்தான். ஆனால் அது வெயிலில் எடுத்த அளவு கிடையாது. முழுக்க முழுக்க நிழலில் எடுத்தது.

வானிலை நிலையங்களில் வெப்பமானி ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். தரையிலிருந்து நாலடிக்கு மேல் கால்நட்டு நிற்கும் மரப்பெட்டி அது. நான்கு பக்கமும் சாய்வான சட்டங்கள் வைத்திருப்பார்கள். காற்று தாராளமாக உள்ளே வரும், வெயில் ஒரு கீற்றுகூட வராது. 1860களில் இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா. காற்றின் வெப்பத்தை மட்டும், வேறெதுவும் கலக்காமல் அளக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதில் அவர் வெற்றி பெற்றார்.

மனிதர்கள் அந்தப் பெட்டிக்குள் குடியிருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மாலை நாலு மணிக்கு மொட்டை மாடியில் வடகம் எடுக்கப் போகிறவருக்குத் தலையில் வெயில், காலடியில் கொதிக்கும் சிமென்டு, பக்கவாட்டில் சூடேறிய கைப்பிடிச் சுவர். வானொலி சொன்ன எண்ணுக்கும் அவர் படும் பாட்டுக்கும் அதிகச் சம்பந்தமில்லை.

கறுப்புக் குண்டு

இந்த இடைவெளியை அளக்க 1930களில் பிரிட்டனைச் சேர்ந்த எச். எம். வெர்னன் ஓர் எளிய கருவி செய்தார். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற செப்புக் குண்டு. வெளியே கறுப்பு வண்ணம். நடுவில் ஒரு வெப்பமானி. வெயிலும், சுற்றியுள்ள சுவர், தரை, கூரை ஆகியவை வீசும் வெப்பமும் குண்டில் இறங்கும். காற்று அதிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது, மனித உடல் உணர்வதற்கு நெருக்கமான ஓர் அளவு.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குண்டுக்கு ராணுவ வேலை கிடைத்தது. அமெரிக்காவின் தெற்குக் கரோலைனாவில் உள்ள பாரிஸ் தீவு முகாமில், பயிற்சியிலிருந்த மரைன் படை இளைஞர்கள் வெப்பத் தாக்குதலில் சுருண்டு விழுந்தார்கள். எப்போது பயிற்சியை நிறுத்துவது என்று தீர்மானிக்க 1950களில் ஒரு சூத்திரம் உருவானது. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதப் பங்கு, கறுப்புக் குண்டுக்கு 20 சதவீதம், வெறும் காற்றின் வெப்பநிலைக்கு 10 சதவீதம்தான். உலகெங்கும் விளையாட்டுத் திடல்களிலும் தொழிற்கூடங்களிலும் இன்றும் பயன்படும் அளவுகோல் இதுதான். செய்தியில் தலைப்பாகும் எண்ணுக்கு, திறந்த வெளியில் நிற்பவரின் நிலையைச் சொல்லும் கணக்கில் பத்தில் ஒரு பங்கே இடம்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே தள்ளியாக வேண்டும். கோடையில் தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். காற்று 38 டிகிரி என்றால் தோல் காற்றுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். தெளிந்த வானத்தில் நடுப்பகல் சூரியன் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையிலும் சுமார் 1,000 வாட்டைக் கொட்டுகிறது. வெயிலில் உட்கார்ந்தால், உடல் தானே உண்டாக்கும் வெப்பத்துக்கு இணையாகவோ கூடுதலாகவோ வெளியிலிருந்து வந்து சேர்கிறது. அத்தனையையும் வியர்வை ஒன்றே சமாளிக்க வேண்டும்.

அறைக்குள் என்றால் காற்றையே குளிரவைத்துவிடலாம். வெளியில் அது நடக்காது. குளிரவைத்த காற்று அடுத்த நிமிடம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். எனவே மாடியையோ முற்றத்தையோ போர்டிகோவையோ இதமாக்க நினைப்பவர், காற்றின் வெப்பநிலையை மறந்துவிட்டு மற்றவற்றைக் கவனிக்க வேண்டும். கதிர்வீச்சைத் தடுப்பது முதல் வேலை. வியர்வை உலரக் காற்றுக்கு வழிவிடுவது இரண்டாவது. தண்ணீர் மூன்றாவதுதான், அதுவும் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

தகரமா, கீற்றா?

நிழல் என்றால் எல்லா நிழலும் ஒன்றல்ல. வண்ணம் பூசிய தகரக் கூரையின் அடியிலும் வேப்ப மரத்தின் அடியிலும் வெளிச்சம் ஒரே அளவு குறைந்திருக்கலாம். உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

எந்தப் பரப்பும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் வீச்சு வேகமாக ஏறும். கெல்வின் அளவில் வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதம் அது. மே மாதப் பகலில் தகரத்தின் அடிப்பரப்பு 60 டிகிரியை எளிதில் எட்டும். அப்போது அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 700 வாட் வரை கீழே வீசுகிறது. இலை அப்படிச் சூடேறுவதில்லை. அது தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் காற்றின் வெப்பத்தை ஒட்டியே நிற்கும். 35 டிகிரியில் உள்ள இலைக்கூட்டம் வீசுவது சுமார் 510 வாட். தலைக்கு மேல் இருக்கும் இந்த 190 வாட் வித்தியாசமே, தகரத்தடியில் உட்காருபவரின் உச்சந்தலை சுடுவதற்குக் காரணம்.

தென்னங்கீற்றுப் பந்தல் உயிருள்ள மரம் இல்லைதான். ஆனாலும் அது தகரத்தைவிட நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. மேல் அடுக்குக் கீற்று வெயிலை வாங்கிச் சூடேறுகிறது. அதற்கும் அடியில் உள்ள அடுக்குக்கும் நடுவே காற்று இருக்கிறது. பின்னலின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலேறிக் கலைந்துவிடுகிறது. கீழே உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது சூடேறாத அடி அடுக்கை.

இந்தத் தந்திரத்தைத் தகரத்துக்கும் செய்யலாம். தகரத்தின் மேல் கீற்று வேய்வது தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளுக்குப் பழக்கமான வழி. மேற்பரப்பில் வெள்ளை பூசுவது இன்னொரு வழி. தகரத்துக்கு அரையடி கீழே மூங்கில் பாயோ மரப்பலகையோ இரண்டாவது கூரையாகக் கட்டி, இரு முனைகளையும் காற்றுக்குத் திறந்து வைப்பது மூன்றாவது. தகரத்தைப் பார்த்த பக்கத்தில் அலுமினியத் தாள் ஒட்டினால் பலன் கூடும்; பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்புக் கதிர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும், தானும் மிகக் குறைவாகவே வீசும்.

கடைகளில் கிடைக்கும் பச்சை நிழல்வலையில் 50, 75, 90 என்று எண்கள் போட்டிருப்பார்கள். எத்தனை சதவீத வெயிலை அது தடுக்கும் என்பதற்கான எண் அது. செடிகளுக்கு 50 போதும். மனிதர்கள் உட்கார 75க்குக் குறையாமல் வேண்டும். வலையைத் தலையில் இடிக்கும் உயரத்தில் கட்டாமல் எட்டு, பத்து அடிக்கு மேல் இழுத்துக் கட்டினால், சூடேறிய வலை காற்றில் ஆற வழி கிடைக்கும்.

சூரியன் எந்தப் பக்கம்?

ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டப் புத்தகங்கள் தெற்குப் பக்கத்தில் நிழல் கட்டச் சொல்லும். அங்கே சூரியன் கோடையிலும் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த அறிவுரையை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் பணம் வீண்.

சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சரியாக அதன் உச்சிக்கு வருகிறது. நாகர்கோவிலில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே நடந்துவிடும். அதன்பின் சூரியன் வடக்கே நகர்கிறது. கத்திரி வெயில் நாட்களில் சென்னையின் நண்பகல் சூரியன் தலைக்கு மேல், சற்றே வடக்கில் நிற்கும். ஜூன் மூன்றாம் வாரத்தில் அது உச்சியிலிருந்து 10 பாகை வடக்கே போய்விடும், அந்தி நேரத்தில் நேர் மேற்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி மறையும். ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்பும்.

ஆகவே இங்கே பகலுக்கு வேண்டியது தலைக்கு மேல் கூரை. மாலைக்கு வேண்டியது மேற்கிலும் வடமேற்கிலும் செங்குத்தான மறைப்பு. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 32 பாகை உயரத்தில் இருக்கும். பத்தடி உயரப் பந்தலின் மேற்கு ஓரம் திறந்து கிடந்தால், வெயில் ஏறத்தாழ 15 அடி உள்ளே புகுந்துவிடும். சாதாரண மாடிப் பந்தலின் அகலமே அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூரை போட்டவர்கள், மாலையில் உட்கார முடியவில்லை என்று நொந்துகொள்வது இதனால்தான். மேற்கு ஓரத்தில் சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி தொங்கவிட்டாலோ, கம்பிவலை கட்டிப் பீர்க்கையும் புடலையும் சங்குப்பூவும் ஏற்றிவிட்டாலோ குறை தீரும்.

கொடியைப் பற்றி ஒரு தெளிவு தேவை. பத்துத் தொட்டிச் செடிகள் சேர்ந்து ஒரு நாளில் ஆவியாக்கும் தண்ணீர் சில லிட்டர்தான். திறந்த மாடியில் அது காற்றைக் குளிர்விக்காது. வெயிலைக் குடித்துவிட்டும் சூடேறாமல் இருக்கும் திரை என்பதே அவற்றின் மதிப்பு. எனவே தரையில் பரப்பி வைத்த இருபது தொட்டிகளைவிட, மேற்கே ஏறிய ஒரு கொடி அதிக வேலை செய்யும்.

வெள்ளைத் தரையின் பொறி

வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் உட்காரும் இடத்தின் தரைக்கும் வெள்ளை பூசலாமே?

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் தார்ச் சாலைகள் சிலவற்றுக்கு வெளிர்சாம்பல் பூச்சு பூசிப் பார்த்தது. 2019இல் அரியான் மிடெல் தலைமையில் ஆய்வாளர்கள், மனித உடலில் விழும் கதிர்வீச்சை எல்லாத் திசையிலும் அளக்கும் கருவிகளை ஒரு வண்டியில் ஏற்றி அந்தச் சாலைகளில் இழுத்துச் சென்றார்கள். தரையின் வெப்பம் எதிர்பார்த்தபடியே சில டிகிரி குறைந்திருந்தது. ஆனால் நண்பகலில், சாலையில் நிற்பவர் மீது விழும் மொத்தக் கதிர்வீச்சின் வெப்பநிலை சுமார் 4 டிகிரி கூடியிருந்தது. தரை ஏற்க மறுத்த வெயில் நடந்துபோனவரின் காலிலும் முகத்திலும் விழுந்திருந்தது.

வெள்ளைக்கு உரிய இடம், யாரும் உட்காராத இடம்: அறைகளுக்கு மேலுள்ள மாடித் தளம், பந்தலின் மேற்பக்கம். உட்காரும் தரைக்கு முதலில் நிழல் கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால் நிறம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. மதீனாவின் நபிகள் பள்ளிவாசல் முற்றத்தில் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். அங்கே வெள்ளைப் பளிங்குத் தரைக்கு மேல் 250 பெரிய குடைகள் நிற்கின்றன. பகலில் விரிந்து நிழல் தரும். இரவில் மடங்கி, தரையின் சூட்டை வானத்துக்கு விடும்.

செயற்கைப் புல் விரிப்பை மாடியில் போடுவது இப்போது பழக்கமாகிவருகிறது. கண்ணுக்குப் பச்சை, காலுக்கு நெருப்பு. பிளாஸ்டிக் இழையில் ஆவியாக நீரில்லை, சூட்டை உள்ளே கடத்திவிடும் கனமும் இல்லை. நேர் வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும்.

காற்று வரும் வழி

சென்னைக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. கோடை மாலையில் வெயில் மேற்கிலிருந்து வரும், கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். மேற்கை இறுக்க அடைத்துவிட்டுக் கிழக்கைத் திறந்து வைத்தால் வேலை முடிந்தது. மேற்கத்திய தரைக்காற்று பலமாக வீசும் நாட்களில் கடல்காற்று கரையேறத் தாமதமாகும். நகரத்தின் மிக மோசமான பகல்கள் அப்படித்தான் உண்டாகின்றன.

கோவைக்கு இந்தச் சலுகை கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்தே வருகிறது, மாலை வெயிலும் அங்கிருந்தே வருகிறது. மேற்கை அடைத்தால் இரண்டும் போய்விடும். அங்கே பொருந்துவது துளைச்சுவர், அதாவது ஜாலி. அல்லது சாய்வுச் சட்டங்கள். சட்டங்களின் சாய்வு 30 பாகைச் சூரியனை மறைத்தால் போதும், காற்று இடுக்கில் நுழைந்துவிடும். ஒரே மாநிலத்தில் இரண்டு ஊர்களுக்கு ஒரே வரைபடம் உதவாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்குள் பாய் விரித்து உட்கார்ந்தால், காற்று தலைக்கு மேல் போய்விடும். கயிற்றுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தால் காற்றும் கிடைக்கும், சூடான தரையிலிருந்தும் விலகலாம், கயிற்றிடுக்கு வழியாக முதுகு வியர்வையும் உலரும். காற்றே இல்லாத நாளில் மின்விசிறி அதே வேலையைச் செய்யும். ஆனால் காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறியை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது விசிறி வியர்வையை உலர்த்துவதைவிட வேகமாக வெப்பத்தை உடலுக்குள் தள்ளத் தொடங்கிவிடும்.

தண்ணீர் எங்கே வேலை செய்யும்?

1992இல் ஸ்பெயினின் செவில் நகரம் உலகப் பொருட்காட்சியை நடத்தியது. ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை, கோடையை நடுவில் வைத்துக்கொண்டு. ஜூலையில் சராசரி உச்ச வெப்பம் 36 டிகிரியாக இருக்கும் ஊர் அது. பார்வையாளர்கள் வெயிலில் மயங்கி விழாமல் இருக்க, லா கர்துஹா தீவின் நடைபாதைகளுக்குக் கொடிப்பந்தல் கட்டினார்கள், மரம் நட்டார்கள், நீரோட்டம் அமைத்தார்கள். மரக்கிளைகளுக்குள்ளும் பந்தல்களிலும் நுண்துளைக் குழாய்களை ஓட்டி மூடுபனிபோல் நீர் தெளித்தார்கள். நீரால் குளிர்ந்த காற்றைக் கீழே இறக்கும் வெள்ளைக் கோபுரங்களும் எழுந்தன. திறந்த வெளியைக் குளிர்விக்க நடந்த பெரிய பரிசோதனைகளில் ஒன்று அது.

அதன் வெற்றிக்குப் பின்னால் இருந்தது செவிலின் வறண்ட காற்று. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மின்சாரக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு யூனிட். ஆனால் ஆவியாக இடம் வேண்டும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 23 டிகிரிக்கு இறங்கும். 35 டிகிரியும் 65 சதவீதமும் என்றால் 29தான். முதல் வகைக்கு 17 டிகிரி இறக்கம், இரண்டாம் வகைக்கு ஆறு. வேலூர், கரூர், மதுரையின் மே மாதப் பிற்பகல் முதல் வகையை நோக்கிச் சாயும். கடல்காற்று புகுந்த சென்னை மாலை இரண்டாம் வகை. அங்கே நீர்த்தூவிக் குழாய் மாட்டினால் சட்டை நனையும். காற்றில் ஈரம் கூடி, வியர்வை உலர்வது இன்னும் மெதுவாகும்.

கடலோரத்திலும் தண்ணீருக்கு ஒரு வேலை உண்டு: தரையைக் குளிர்விப்பது. 20 சதுர மீட்டர் பரப்பும் 12 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கான்கிரீட் தளம் ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. அதை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 5 மெகாஜூல் எடுக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீர், அதாவது ஒரு சின்ன வாளி, முழுதும் தளத்தின் சூட்டிலேயே ஆவியானால் 24 மெகாஜூல் போகும்; தளம் கிட்டத்தட்ட 5 டிகிரி இறங்கும். ஒரு பங்கு வெப்பம் காற்றிலிருந்தும் வருவதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் மாலையில் மாடிக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்துக்கு உறுதியான இயற்பியல் இருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டினால் பாதி நீர் குழாய் வழியே ஓடிவிடும். கொஞ்சம் தெளித்து, உலரவிட்டு, மறுபடி தெளிப்பதே சிக்கனம்.

இரவு வானம்

1775இல் ராபர்ட் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு விந்தையை விவரித்தார். அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி தயாரித்தார்கள். ஆழமில்லாத பள்ளம் வெட்டி, அதில் கரும்புத் தட்டையைப் பரப்பி, மேலே மெருகேற்றாத சிறு மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும், விடியும்போது சட்டிகளில் பனிக்கட்டி இருக்கும். ஆவியாதலுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முக்கியமான காரணம் தெளிந்த வானம். 1814இல் பனித்துளி பற்றி எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் அதை விளக்கினார்: தரையிலுள்ள பொருட்கள் இரவில் வானத்துக்கு வெப்பத்தை வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றன.

செட்டிநாட்டு வீட்டின் முற்றம் இரவில் செய்வது இதைத்தான். மேலே திறந்த தளம் வானத்துக்குச் சூட்டை விடுகிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, சுற்றியுள்ள தாழ்வாரத்துக்குள் பரவுகிறது. ஸ்பெயினின் கோர்தோபா நகர வீட்டு முற்றங்களில் பகலில் துணிக்கூரையை இழுத்து மூடி, அந்தி சாய்ந்ததும் சுருட்டிவிடுவார்கள். மாடிப் பந்தலுக்கும் நிழல்வலைக்கும் இதே விதி பொருந்தும். இரவிலும் அப்படியே விட்டால் தளத்துக்கும் வானத்துக்கும் நடுவே அது குறுக்கே நிற்கும். ஓரத்துக்கு இழுத்து ஒதுக்கும்படி கம்பியில் வளையம் போட்டுக் கட்டினால், விடிவதற்குள் தளம் நன்றாக ஆறிவிடும்.

இதைப் பகலிலும் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு 2014இல் விடை கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் அவருடைய குழுவினரும், சிலிக்காவையும் ஹாஃப்னியம் ஆக்சைடையும் மாற்றி மாற்றி ஏழு மெல்லிய அடுக்குகளாக வெள்ளிப் பரப்பின் மேல் படியவைத்தார்கள். அது 97 சதவீத வெயிலைத் திருப்பி அனுப்பியது. அதே நேரத்தில், வளிமண்டலம் தடுக்காத அலைநீளங்களில் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசியது. நேர் வெயிலில் வைத்தும் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்திருந்தது. 2021இல் பர்டியூ பல்கலைக்கழகம் பேரியம் சல்பேட்டைக் கொண்டு 98 சதவீத வெயிலைத் திருப்பும் வெள்ளைச் சாயத்தை உருவாக்கியது.

கலிபோர்னியாவின் வறண்ட வானத்தில் கிடைத்த அந்த 5 டிகிரி கடலோரத் தமிழ்நாட்டில் அப்படியே கிடைக்காது. காற்றிலுள்ள நீராவி அந்த அலைநீளங்களிலும் வெப்பத்தை மறித்துத் திருப்பி அனுப்பும். சென்னை மாடிக்கு அத்தகைய பூச்சின் முதன்மையான பயன் வெயிலைத் திருப்புவதுதான், அந்த வேலையைச் சுண்ணாம்பும் ஓரளவு செய்யும். சுண்ணாம்பின் பலவீனம் தூசி. தெருப்புழுதியும் புகையும் படியப் படிய அதன் வெண்மை மங்கி, திருப்பி அனுப்பும் வெயிலின் அளவும் குறைந்துவிடும். மழைக்காலப் பாசியையும் சுரண்டிவிட்டு, மார்ச்சு மாதத்தில் புதிதாக இரண்டு கை பூசினால் கத்திரிக்குள் அது பலன் தரும்.